யாரும் கை தூக்காத தீர்மானம்

டிக்கெட் ஜன்னல், படகுத்துறை
ஜூன் 4

அன்புத் தம்பி தூங்குமூஞ்சிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். மழை வருமா வராதா என்பதை மட்டும் என் முழங்கால் எனக்கு முன்பாகவே தெரிந்துகொள்கிறது. உனக்கு இருமல் விட்டதா, இல்லை அதற்கும் ஒரு கமிட்டி போட்டிருக்கிறீர்களா?

இங்கே பத்து நாளாக விடிந்தும் விடியாத மாதிரி பனி. முதல் நடைக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறேன். ஆட்கள் பலகையில் நடந்து போகிறார்கள். நாலடி போனதும் கால் மறைகிறது, அப்புறம் தலை. குடை மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் போகிறது. படகு கிளம்புகிற சத்தம் கேட்கிறது, படகு தெரிவதில்லை. அக்கரையில் ஊர் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். திரும்பி வந்த ஒருவரைக் கேட்டேன். "இருக்கும்மா, வச்ச எடத்துலயேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன கடிதத்தில், "இந்த வருடம் நிரந்தரம் ஆகலாம், ஆகாமலும் போகலாம்" என்று எழுதியிருந்தாய். ஆறு வருடமாகப் பாடம் நடத்துகிறவன் இன்னும் நிரந்தரம் இல்லையா? பதினெட்டு வருடத்துக்கு முன்னால் படகுத்துறை மேலாளர் என்னிடம், "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். வேலையோடு மாடி அறையையும் கொடுத்தார். என் நிரந்தரம் அவ்வளவுதான். படித்தவர்களை உட்காரச் சொல்லவே ஆறு வருடம் ஆகுமா? ஐந்தாவதோடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி எழுது. இரண்டாம் நடைக்கு மணி அடித்துவிட்டார்கள்.

உன் அக்கா


கணிதத் துறை
ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டுவிட்டது. உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். தடவு, முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைக்காதே.

உன் கேள்விக்குப் பதில். இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது ஆசிரியர் மன்றம். நிரந்தரமான இருபத்தொரு பேர் அதில் உறுப்பினர்கள். எனக்கு அதில் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவன் சும்மா இருக்கக் கூடாது என்று கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இந்த வருடம் எங்கள் துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம். எனக்கும் புள்ளியியல் நடத்தும் அம்மையாருக்கும் இது ஆறாவது வருடம். ஒருவர் தங்குவார், மற்றவர் மார்ச்சோடு போக வேண்டும். பழைய விதிப்படி நாலு ஆராய்ச்சிக் கட்டுரை அச்சில் வந்திருக்க வேண்டும். அம்மையாருக்கு ஆறு. எனக்கு ஒன்று.

ஆனால் மாணவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போவது அதிகமாகிவிட்டது. அதனால் புதிய விதி ஒன்று வரப்போகிறது. யார் வகுப்பில் பத்துக்கு எட்டுப் பேராவது கடைசிவரை நிலைக்கிறார்களோ அவருக்கே முதல் இடம். என் வகுப்பில் ஒன்பது பேர் நிலைக்கிறார்கள். அம்மையார் வகுப்பில் ஐந்து.

ஜூலை பத்தாம் தேதி கூட்டம். குறிப்பை இன்றே எழுதிவிட்டேன். "மன்றம் ஒருமனதாக ஏற்றது." சிரிக்காதே, இங்கே அதுதான் வழக்கம். எனக்கு முன்னால் குறிப்பு எழுதியவரும் அப்படித்தான் செய்தார். சாப்பாட்டுக்குப் பிறகு கூடுவார்கள், தலைவர் படிப்பார், பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். நானும் நாலு வருடமாக முன்பே எழுதுகிறேன். ஒரு வரிகூடத் தப்பியதில்லை.

நிரந்தரமானால் வளாகத்துக்குள் இரண்டு அறை வீடு தருவார்கள். நீ அந்த மாடி அறையை விட்டுவிட்டு வந்துவிடலாம். பதினெட்டு வருடம் டிக்கெட் கிழித்தது போதும்.

உன் தம்பி


டிக்கெட் ஜன்னல்
ஜூலை 2

தீர்க்கதரிசிக்கு,

அக்கா நலம். தைலம் வந்தது. தடவினேன். படகில் ஏறுகிறவர்களெல்லாம் மூக்கைச் சுளித்துக்கொண்டே ஏறுகிறார்கள்.

நடப்பதற்கு முன்பே எழுதினால் அதற்குப் பெயர் குறிப்பா, ஜோசியமா? என் கல்யாணத்தையும் நீயே எழுதியிருக்கலாம், ஒருவேளை நடந்திருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். உன் வகுப்பில் மட்டும் ஏன் பிள்ளைகள் ஓடவில்லை? கட்டிப் போட்டிருக்கிறாயா? இரண்டு நாள் வராத பிள்ளைக்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போடுவேன் என்று எப்போதோ சொன்னாய். "உன் பெஞ்சில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து கணக்கை உன்னைவிட நன்றாகப் போடுகிறது, சீக்கிரம் வா" என்று ஒருத்திக்கு எழுதினாயே, நினைவிருக்கிறதா? அந்தக் கிண்டல் என்னிடம் கற்றது. நிரந்தரத்தில் பாதி எனக்குச் சேர வேண்டும். நான் ஐந்தாவதில் நின்றபோது யாரும் எனக்கு அட்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் இன்று சாப்பிட்டுவிட்டுக் கூட்டத்தில் கண்ணை மூடியிருப்பேன்.

நேற்று மத்தியானம் இந்த ஜன்னலிலேயே கண் அசந்தேன். உங்கள் மன்றத்து நாற்காலிகள் இருபத்தொன்றும் வரிசையாக ஆற்றில் மிதந்து வந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார். கடைசி நாற்காலியில் நீ, மடியில் நோட்டு. "டிக்கெட்?" என்று கேட்டேன். "முன்னாடியே எழுதிட்டேன்க்கா" என்கிறாய். விழித்துப் பார்த்தால் நாலு பேர் ஜன்னலுக்கு வெளியே சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பத்தாம் தேதி நல்லபடியாக நடக்கட்டும். வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது, அடுப்படி எவ்வளவு பெரியது என்று எழுது.

உன் அக்கா


கணிதத் துறை
ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

விதி வந்துவிட்டது. ஜூலைக் கூட்டத்தின் குறிப்பை இம்மாதக் கூட்டத்தில் படித்து உறுதி செய்தார்கள். அந்த விதிப்படி நிரந்தர ஆணை நேற்று என் கைக்கு வந்தது. வீட்டுச் சாவி டிசம்பரில் தருவார்களாம். வாசல் கிழக்கு.

மழை பெய்கிறது. வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


டிக்கெட் ஜன்னல்
செப்டம்பர் 1

நிரந்தரப் பேராசிரியர் அவர்களுக்கு,

அக்காவுக்கு இன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் கடிதத்தை ஜன்னல் கம்பியில் செருகி வைத்துவிட்டு, டிக்கெட் வாங்கியவர்களிடமெல்லாம், "என் தம்பிக்கு நிரந்தரம் ஆயிடுச்சு" என்று சொன்னேன். காய்கறிக்காரர், "எதுக்கும்மா நிரந்தரம்?" என்றார். "பசங்க ஓடாம பாத்துக்கிட்டான்" என்றேன். "எங்கிட்ட அனுப்புங்க, என் பையன் வீட்டுலயே தங்க மாட்டேங்கிறான்" என்கிறார். படகோட்டி கிளம்பும்போது இரண்டு தடவை மணி அடித்தார். ஒன்று படகுக்கு, ஒன்று உனக்கு.

ஆனால் தம்பி, இவ்வளவு பெரிய சேதியை யாராவது ஆறு வரியில் எழுதுவார்களா? "மழை பெய்கிறது" என்று வேறு. நிரந்தரமானால் வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா?

துறை மேலாளரிடம் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன காகிதம் என்று இப்போது சொல்ல மாட்டேன். பதினெட்டு வருடத்தில் நான் அவருக்கு எழுதிய முதல் காகிதம். இரண்டு தடவை படித்துவிட்டு, "நெசமாவாம்மா?" என்றார். "நெசமாத்தான்" என்றேன்.

நீண்ட கடிதமாக எழுது. அடுப்படியைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

உன் அக்கா


டிக்கெட் ஜன்னல்
செப்டம்பர் 26

தம்பிக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதியிருக்கிறேன். இரண்டு உன்னுடையது, நீ எழுதாததால் நானே எழுதிக்கொண்டேன். நீ மட்டும்தான் முன்பே எழுதுவாயா?

இருபத்தைந்து நாளாகிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிடுகிறார், பாவம், அவ்வளவு தூரம் நடந்து வந்து இல்லை என்று சொல்ல அவருக்கும் கூச்சம்.

இங்கே ஜன்னலில் எனக்குத் துணைக்கு ஒருவர் வருகிறார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் கிழிக்கக் கற்றுக்கொள்கிறார். ஒவ்வொரு டிக்கெட்டையும் அளவெடுத்த மாதிரி சரிபாதியாகக் கிழிக்கிறார். அதற்குள் படகு பாதி ஆறு போய்விடுகிறது. "அண்ணே, கிழிச்சா போதும், ஓவியம் வரைய வேணாம்" என்கிறேன். "அடுத்த வாரத்துக்குள்ள கையில வந்துடும்மா" என்கிறார்.

உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? என்னமோ இருக்கிறது. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்தபோதும் இப்படித்தான் மூன்று நாள் நல்ல பிள்ளையாக இருந்தாய்.

உன் அக்கா


கணிதத் துறை
அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்ணாடிதான்.

ஜூலை பத்தாம் தேதி மன்றத்தில் உட்கார்ந்திருந்தேன். உயரமான ஜன்னல்கள், மெல்லிய திரை, சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வெயில். வெளியே புல்லில் மாணவர்கள் புத்தகத்தை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. தலைவர் விதியைப் படிக்க ஆரம்பித்தார். திரை உள்ளே வந்தது, வெளியே போனது. நீ சொன்ன நாற்காலிகள் ஒவ்வொன்றாக என் எதிரே மிதந்து போயின. எவ்வளவு நேரமென்று தெரியாது. எல்லோரும் எழுந்து போனபோது நானும் எழுந்தேன். முன்பே எழுதிய குறிப்பில் கையெழுத்திட்டு அலுவலகத்தில் கொடுத்தேன்.

ஆகஸ்டில் அந்தக் குறிப்பைப் படித்தார்கள். "ஒருமனதாக ஏற்றது" என்ற இடத்தில், எதிரே உட்கார்ந்திருந்த வரலாற்று ஆசிரியர் நெற்றியைச் சுருக்கினார். கையைப் பாதி தூக்கினார், பிறகு தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டார். கூட்டம் முடிந்து நடைவழியில் என்னிடம் கேட்டார். "தம்பி, அந்த விதியை அடுத்த கூட்டத்துல பேசலாம்னுதானே தள்ளி வச்சோம்? எப்ப ஓட்டு எடுத்தோம்?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சிரித்தார். "நான்தான் அசந்துட்டேன் போல. யார்கிட்டயும் சொல்லிடாத."

அன்றைக்கே இன்னொருவரும் அதே மாதிரி மெதுவாக வந்து கேட்டார். அவரும், தான் தூங்கிவிட்டதாகவே நினைத்தார். அக்கா, அங்கே ஓட்டே எடுக்கவில்லை. இருபத்தொரு பேரில் ஒவ்வொருவரும் தான் தூங்கியபோது மற்ற இருபது பேர் கை தூக்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆணையும் எனக்குத்தான் வந்திருக்கிறது.

புள்ளியியல் அம்மையார் தன் அறையில் புத்தகங்களைக் கட்டத் தொடங்கிவிட்டார். நான் அந்த வழியாகப் போவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன்.

உறுதியான குறிப்பைத் திருத்த வேண்டுமானால் அதை எழுதியவனே எழுந்து கேட்க வேண்டும். அடுத்த கூட்டம் நவம்பர் ஏழு. நீ என்ன சொல்கிறாய்?

உன் தம்பி


படகுத்துறை, காத்திருப்போர் பெஞ்ச்
அக்டோபர் 15

தம்பிக்கு,

நலம். நீ நலமில்லை, அது தெரிந்துவிட்டது. தெரிந்தது நல்லது.

முதலில் சிரித்தேன். இருபத்தொரு பெரிய படிப்பாளிகள், ஒருத்தருக்கும் "நான் முழிச்சிட்டுதான் இருந்தேன்" என்று சொல்லத் தைரியம் இல்லையா? அவர்களுக்கும் நீ அட்டை எழுதிப் போட வேண்டியதுதான். "நீங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தீர்கள், ஆனாலும் வரவில்லை" என்று.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். சொன்னால் நான் சொல்லித்தான் செய்தாய் என்று ஆகும், செய்யாவிட்டாலும் அப்படித்தான் ஆகும். நான் அதற்கு ஆள் இல்லை. ஒன்றுதான் கேட்கிறேன். அந்த அம்மாவுக்கு வேறு ஊரில் யாராவது இருக்கிறார்களா?

என்னைப் பற்றிக் கணக்குப் போடாதே. எனக்கு என் வேலை இருக்கிறது, அறை இருக்கிறது, ஒரு குறைவும் இல்லை. இன்று பெஞ்சிலிருந்து எழுதுகிறேன், காற்று நன்றாக வருகிறது. மணி அடிக்கிறவர் இப்போது வேகமாகவே கிழிக்கிறார். பனி கொஞ்சம் விலகியிருக்கிறது. அக்கரையில் ஒரு வெள்ளைச் சுவர் தெரிகிறது. இத்தனை வருடத்தில் அதை நான் பார்த்ததே இல்லை, ஜன்னலிலிருந்து தெரியாது.

உன் அக்கா


கணிதத் துறை
நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நன்றாகத் தூங்குகிறேன், இரவில் மட்டும்.

ஏழாம் தேதி எழுந்து நின்று சொன்னேன். அந்த ஓட்டு நடக்கவில்லை, குறிப்பு நான் முன்பே எழுதியது என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறிப்புல இருக்குன்னா நடந்திருக்குன்னு அர்த்தம். உக்காருங்க" என்றார்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் வலது கையைத் தூக்கினேன்" என்றார் ஒருவர்.

"நானும்தான். தோள்கூட வலிச்சுது" என்றார் இன்னொருவர்.

ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது வரலாற்று ஆசிரியர் எழுந்தார். "நான் அன்னிக்குத் தூங்கல. தள்ளி வைக்கச் சொன்னதே நான்தான். ஆகஸ்ட்லயே கேட்டிருக்கணும். நான்தான் எங்கயோ அசந்துட்டேன்னு நெனச்சு வாயை மூடிக்கிட்டேன்" என்றார். அவரைப் பார்த்துவிட்டு ஐந்தாறு பேர் மெதுவாக, தாங்களும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார்கள். வலது கை தூக்கியவர், அது வேறு கூட்டமாக இருக்கலாம் என்றார்.

பிறகு அந்த விதியைப் பற்றி முதல்முறையாகப் பேசினார்கள். மூன்று மணி நேரம். ஓடுகிற மாணவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை என்றார் ஒருவர். நிலைப்பதை வைத்து வேலை கொடுத்தால் எல்லோரும் மார்க்கை அள்ளிப் போட்டுப் பிடித்து வைப்பார்கள் என்றார் மற்றொருவர். இரண்டும் சரி என்றே எனக்குத் தோன்றியது. கடைசியில் உண்மையாகவே கை தூக்கினார்கள். எண்ணினேன். ஆதரவு ஒன்பது. எதிர்ப்பு பன்னிரண்டு.

என் ஆணை ரத்தாகிவிட்டது. இடம் புள்ளியியல் அம்மையாருக்கு. எனக்கு மார்ச் வரை வேலை.

மறுநாள் அவர் என் அறைக்கு வந்தார். "நீங்க பேசாம இருந்திருக்கலாம்" என்றார்.

"இருந்து பாத்தேன். ரெண்டு மாசம்."

என் மேசையில் இருந்த தபால் அட்டைகளைப் பார்த்தார். பிறகு, "அந்த அட்டையில என்னதான் எழுதுவீங்க?" என்று கேட்டார். நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள் என்றேன். "இரு நாட்களாக வரவில்லை. காரணம் தெரிவிக்கவும்" என்று எழுதிக் காட்டினார். இதைப் பார்த்தால் வருகிறவனும் நின்றுவிடுவான் என்றேன். அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்ததில்லை. நேற்று ஆறு அட்டை எழுதியிருக்கிறார். இரண்டு பேர் வந்துவிட்டார்களாம்.

அக்கா, உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ ஏன் பெஞ்சிலிருந்து எழுதினாய்? மேலாளரிடம் கொடுத்த காகிதம் என்ன?

உன் தம்பி


மாடி அறை, படகுத்துறை
நவம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம்தான். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

அது வேலையை விடுகிற காகிதம். உனக்கு வீடு கிடைத்ததும் திடீரென்று வந்து இறங்கி உன்னை அசத்தலாம் என்று நினைத்தேன். ஜன்னல் அக்டோபர் பத்தாம் தேதியே மணி அடிக்கிறவருக்குப் போய்விட்டது. இந்த அறையை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். போன கடிதத்தில் வேலை இருக்கிறது, அறை இருக்கிறது என்று எழுதியது பொய். உண்மையை எழுதியிருந்தால் நீ ஏழாம் தேதி எழுந்து நின்றிருக்க மாட்டாய்.

மேலாளரிடம் போய் வேலையைத் திரும்பக் கேட்டேன். "அந்தாளும் குடும்பத்தோட வந்துட்டாரேம்மா" என்றார். அவர் மேல் தப்பில்லை.

உனக்குப் போனது நிரந்தரம். எனக்குப் போனது வீடு, கிழக்கு வாசல், நீ கடைசிவரை எழுதாத அந்த அடுப்படி. நியாயமாகப் பார்த்தால் அழ வேண்டியவள் நான். அழுதேன். ஒரு நடை போய்வருகிற நேரம் அழுதேன். படகு வந்து சேர்ந்தபோது முடித்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ பேசாமல் இருந்திருந்தால் நான் வந்திருப்பேன், அந்த வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சமைத்திருப்பேன். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நீ மட்டும் தினமும் சுற்று வழியாகவே வீட்டுக்கு வந்துகொண்டிருப்பாய். உன்னைப் பார்த்து, நடக்கிறது உடம்புக்கு நல்லதுதானே என்று நானும் கிண்டல் பண்ணியிருப்பேன். அதை நினைத்தபோதுதான் அழுகை நின்றது.

யார் யாரிடம் நிரந்தரம் என்று சொன்னேனோ அவர்கள் எல்லோரிடமும் போய் இல்லை என்று சொல்லிவிட்டேன். காய்கறிக்காரர் முழுக் கதையும் கேட்டார். "வேலை போச்சுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களே" என்றார். "அவன் பெரிய ஆளாயிட்டான்னு சொன்னப்பவும் இப்படித்தான் சிரிச்சேன். இப்ப கொஞ்சம் நல்லாவே சிரிப்பு வருது" என்றேன்.

மார்ச் வரைக்கும் உன் வாடகை அறை இருக்கிறது. அப்புறம் நீ எந்த ஊரில் பிள்ளைகளுக்கு அட்டை போடப் போகிறாயோ, அந்த ஊரில் எனக்கும் ஏதாவது ஒரு வேலை இல்லாமலா போகும். வெள்ளிக்கிழமை பிற்பகல் வண்டியில் வருகிறேன். இரண்டு பெட்டி, ஒரு படுக்கை. வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. கவனித்தாயா, மன்றத்தைக் கூட்டாமல் எடுத்த முடிவு இது.

உன் அக்கா